இரண்டு மாப்பிள்ளைகள், இரண்டு கார்டுகள்

அத்தியாயம் 17

செவ்வாய்க்கிழமை மாலை ஜினுக்கின் கம்ப்யூட்டரிலிருந்து கிளம்பிய கருகல் வாசனை இன்னும் அந்த பெஹாலா வீட்டின் முன்னறையை விட்டுப் போகவில்லை. அம்மா கீதஸ்ரீ சாம்பிராணி போட்டுப் பார்த்தாள். கருகலும் சாம்பிராணியுமாகச் சேர்ந்து வீடே சுடுகாட்டுப் பக்கம் குடிபோனதுபோல் நாறியதுதான் மிச்சம்.

கருகிப்போனது கிராபிக்ஸ் கார்டு. திரையில் படத்தை ஓட்டுகிற அட்டை. அது இல்லாவிட்டால் விளையாட்டு இல்லை. விளையாட்டு இல்லாவிட்டால் ஜினுக்கின் பிழைப்பு இல்லை.

நம் ஜினுக்தான் பிடிவாதக்காரியாயிற்றே. ஜனவரியில் கால் சென்டர் வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டு, "கேம் ஆடியே சம்பாதிப்பேன்" என்று உட்கார்ந்தவள். அப்பா பரிமள் நந்தி தபால் ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் முத்திரை குத்தியவர். அவர் கெடு வைக்காமல் விடுவாரா? "இந்த மாசம் முடியற வரைக்கும் பாக்கறேன். ஒரு அணியில சேர்ந்து காட்டு. இல்லேன்னா திங்கக்கிழமையே பேங்க் பரீட்சை வகுப்பு. அப்புறம் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டார்.

மாசம் முடிய மூன்று நாள் இருக்கிறது. பெங்களூரில் ஐந்து பெண்கள் சேர்ந்து ஆடுகிற அணி ஒன்றில் ஓர் இடம் காலி. இன்று மாலை ஐந்து மணிக்குச் சோதனை, மொத்தம் மூன்று ஆட்டம். அவள் திரையை அவர்கள் அங்கிருந்தே பார்ப்பார்கள். நொடிக்குத் தொண்ணூறு ஃபிரேமுக்குக் கீழே இறங்கினால், அதாவது படம் திக்கித் திணறினால், பெயரை அடித்துவிடுவார்கள்.

இதில் இன்றைக்குப் பார்த்து வங்காளிகளின் ஜாமாய் சஷ்டி வேறு. மாமியார் பட்டினி கிடந்து மாப்பிள்ளைக்கு விருந்து வைக்கிற நாள். இன்று ஒரு நாள் மாப்பிள்ளை மனம் கோணிவிட்டால் வருஷம் பூராவும் அதைச் சொல்லிச் சொல்லியே பெண்ணைக் குத்துவார்கள். அந்த வீட்டில் மாப்பிள்ளைகள் இரண்டு பேர்.

பெரியவர் அனிமேஷ் பத்து மணிக்கே காரில் வந்து இறங்கினார். இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியில் மேனேஜர். பட்டுக் குர்த்தா, செண்ட் வாசனை. பின்னாலேயே சுதேஷ்ணா அக்கா, கையில் ரிப்பன் கட்டிய பளபளப்பான ஒரு பெட்டியோடு.

"பிரிச்சுப் பாரு மச்சினிச்சி!" என்றார் அனிமேஷ்.

பெட்டியின்மேல் டிராகன் படம். கீழே கொட்டை எழுத்தில் ஜிடிஎக்ஸ் 1060, ஆறு ஜிபி. ஜினுக் வாயைப் பிளந்துவிட்டாள். "அத்தான்! எனக்கா?"

"பின்னே உங்கப்பாவுக்கா? கார்டு கருகிப்போச்சுன்னு உங்கக்கா சொன்னா. பழைய மாடல்தான், ஆனா சீல் பிரிக்காத சரக்கு. சாந்தினி மார்க்கெட்ல ஏழு கடை ஏறி இறங்கினேன். எல்லாவனும் அட்டையை வெறும் பிளாஸ்டிக் கவர்ல போட்டு நீட்டறான். ஜாமாய் சஷ்டிக்கு மாமியார் வீட்டுக்குப் பெட்டி இல்லாத சாமானை எப்படி எடுத்துட்டு வர்றது? மூவாயிரம் கூடப் போனாலும் பரவாயில்லேன்னு இதை எடுத்தேன்."

"எங்க வீட்டுக்காரருக்கு எதுவும் முறைப்படி இருக்கணும்" என்றாள் அக்கா. அந்தப் பெருமை நியாயமானதுதான். மனிதர் வெயிலில் அலைந்து வாங்கியிருக்கிறார்.

அரைமணி கழித்துச் சின்னவர் தன்மய் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். இரண்டாவது அக்கா மௌஷுமிக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் டியூட்டி, அதனால் தனியாகத்தான் வந்தார். ஒரு கையில் தயிர்ச் சட்டி. மறு கையில் சேலைக் கடை அட்டைப் பெட்டி.

"எனக்கு எதுக்கு மாப்பிள்ளை சேலையெல்லாம்?" என்று கீதஸ்ரீ வெட்கப்பட்டாள்.

"சேலை இல்லம்மா" என்று அவர் தலையைச் சொறிந்தார். "ஜினுக்குக்கு ஒரு கார்டு. ஆர்எக்ஸ் 580. எட்டு ஜிபி. பெட்டி கிடைக்கல. மௌஷுமியோட சேலைப் பெட்டியில வச்சு எடுத்துட்டு வந்தேன்."

பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்கிற சின்னக் கடை அவருடையது. கார்டைக் கழற்றித் துடைத்து, ஃபேனில் ஒரு பொட்டுத் தூசி இல்லாமல் கொண்டுவந்திருந்தார்.

சுதேஷ்ணா எட்டிப் பார்த்தாள். "செகண்ட் ஹேண்டா?"

"ஆமாங்க."

"நல்ல நாளும் அதுவுமா?"

 தன்மயின் கண் மேஜைமேல் இருந்த பளபளப்புப் பெட்டிக்குப் போயிற்று. உள்ளேயிருந்த அட்டையை எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தை ஒரு தரம் பார்த்தார். பூனைக்குட்டியைக் கீழே விடுவதுபோல் மெதுவாக வைத்துவிட்டார். "நல்லாருக்கு அண்ணா" என்றார்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, ஜினுக்கின் நிலைமை அதுதான். கம்ப்யூட்டரில் இருப்பது ஒரே ஒரு இடம். எதைச் சொருகினாலும் மற்றவர் முகம் வாடும்.

பரிமள் நந்தி தாளில் கோடு போட்டு இரண்டு கட்டம் வரைந்துவிட்டார். "உணர்ச்சிவசப்படாதீங்க. ரெண்டையும் எடைபோட்டுப் பாப்போம். இது ஆறு, அது எட்டு. எட்டுதானே பெருசு?"

"அப்படியில்லப்பா" என்றாள் ஜினுக். "ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகம்தான். 580 நினைவகம் அதிகம், புது கேம்ல கொஞ்சம் முன்னால ஓடும். ஆனா கரண்ட் குடிக்கும், சூடாகும். 1060 சாது. கம்மியா தின்னுட்டு ஒழுங்கா வேலை பாக்கும். என்னோட பவர் சப்ளை பழசு. அதுக்கு 1060தான் லாயக்கு."

"அப்பாடா!" என்றாள் சுதேஷ்ணா. "அப்ப இதைத்தான் போடறே. இன்னிக்கு என் புருஷன் குடுத்ததைக் கழட்டிட்டு இன்னொண்ணை மாட்டினேன்னு வை, நான் இந்தப் படி ஏறமாட்டேன், சொல்லிட்டேன்."

"வாய வச்சுட்டுச் சும்மா இருடி" என்று கீதஸ்ரீ அதட்டினாள்.

ஜினுக் பெரிய அத்தானுடையதை மாட்டினாள். திரையில் பெயர் சரியாகத்தான் வந்தது: 1060, ஆறு ஜிபி. கேமைத் திறந்தாள். மூலையில் ஃபிரேம் எண் முப்பத்தெட்டு காட்டியது. ஒரு புகைக் குண்டை வீசினாள். பதினொன்று. படம் அப்படியே உறைந்து நின்றது.

"என்ன ஆச்சு?" அனிமேஷின் குரலில் ஒரு பதற்றம்.

"தெரியல அத்தான்... செட்டிங்ஸ் பாக்கறேன்."

செட்டிங்ஸை அடிமட்டத்துக்கு இறக்கியும் ஐம்பதைத் தாண்டவில்லை. அனிமேஷின் முகம் வெளுத்துப்போயிற்று. ஒரு பரிசுப் பொருள் சரியில்லை என்பதற்கு இவ்வளவு வெளுக்க வேண்டியதில்லையே என்று ஜினுக்குக்குத் தோன்றியது. அப்போதைக்கு அதை யோசிக்க நேரமில்லை.

"புது கார்டு. செட்டாக நேரம் எடுக்கும்" என்றார் அவர். "கடைக்காரன் சொன்னான். உன் மெஷினும் பழசு இல்லையா?"

அதற்குள் இலை... இல்லை, வெள்ளித் தட்டு போட்டாகிவிட்டது. மாப்பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். மாமியார் அவர்கள் நெற்றியில் தயிர்ப் பொட்டு வைத்து, மணிக்கட்டில் மஞ்சள் நூல் கட்டினாள். லூச்சிப் பூரி, பயத்தம்பருப்பு, கட்லா மீன், இறால், மாம்பழச் சட்னி. மீன் தலைக்குச் சண்டை வரக்கூடாது என்று பரிமள் இரண்டு கட்லா வாங்கியிருந்தார். சின்னவர் தட்டில் விழுந்தது சற்றுப் பெரிய தலை. சுதேஷ்ணாவின் புருவம் ஏறுவதற்குள் தன்மய் அதைத் தூக்கி அனிமேஷின் தட்டில் வைத்துவிட்டார். "நீங்க சாப்பிடுங்க அண்ணா. எனக்கு முள் ஆகாது."

கட்லா தலையில் முள் ஆகாத வங்காளியை ஜினுக் இன்றுதான் பார்த்தாள்.

கை கழுவப் போனவரைக் குழாயடியில் மடக்கினாள். "சின்ன அத்தான். காலையில அந்தக் கார்டைத் திருப்பிப் பாத்தீங்களே, என்ன பாத்தீங்க?"

"ஒண்ணுமில்ல."

"மணி ரெண்டு. அஞ்சு மணிக்கு என் தலையெழுத்து இருக்கு. சொல்லுங்க."

தன்மய் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பின்னால நீலக் கலர்ல ஒரு பழைய மானிட்டர் சாக்கெட் இருக்கு பாரு. அசல் 1060-ல அது வரவே வராது. உள்ள இருக்கறது பத்து வருஷத்துக்கும் மேல பழசான சின்ன சிப். பேரை மட்டும் மாத்தி எழுதியிருக்கான். அதான் கம்ப்யூட்டரும் ஏமாறுது. இந்த மாதிரி டூப்ளிகேட்டைத்தான் நல்ல பெட்டியில போடுவான். அசல் பழைய கார்டுக்கு எவன் பெட்டி தேடறான்?"

"அடப்பாவமே! அத்தான்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"இன்னிக்கா? உங்கம்மா பட்டினி கிடந்து கூப்பிட்ட அன்னிக்கா? போன வருஷம் அவர் என் கடையைப் பாத்து 'காயலான் கடை'ன்னு சொன்னாரு. இப்ப நான் வாயத் திறந்தா பழி தீக்கறேன்னுதான் ஆகும். ஆசையா வாங்கிட்டு வந்திருக்கார் ஜினுக். நாளைக்கு நானே தனியா சொல்லிக்கறேன்."

"அப்ப என் அஞ்சு மணி?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தார். "என் கார்டுக்கு வேண்டிய மென்பொருள் இதுல இருக்கு. அண்ணா சாப்பிட்டதும் தூங்குவார்."

தூங்கினார். ஏசி ரூமில் குறட்டை கேட்டதும் இருவரும் கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைத் திறந்தார்கள். டூப்ளிகேட்டோடு டிராகன் பெட்டி கட்டிலுக்கு அடியில் போயிற்று. 580 உள்ளே போயிற்று. பழைய மென்பொருளைத் துடைத்துப் புதியதை ஏற்றவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. கேமைத் திறந்ததும் நூற்றிருபது! ஜினுக் கத்தப் போய் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த நொடி டப் என்று எல்லாம் அணைந்தது.

"பவர் சப்ளை தாங்கல" என்றார் தன்மய். "கார்டு குடிக்கிற கரண்டைக் குறைக்கறேன். பத்துப் பதினஞ்சு ஃபிரேம் குறையும், ஆனா அணையாது." குறைத்தார். மறுபடி ஓட்டினார்கள். இரண்டு நிமிஷம் ஓடியது. உள்ளறையில் ஏசி கம்பிரசர் உறுமியது. விளக்கு மங்கியது. டப்.

"ஏசியும் இதும் ஒரே லைனா?" என்றார் தன்மய்.

"ஆமா."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முப்பத்தொன்பது டிகிரி வெயில். உள்ளே தூங்குவது பெரிய மாப்பிள்ளை. நாளோ ஜாமாய் சஷ்டி.

ஜினுக் சமையலறைக்கு ஓடினாள். கீதஸ்ரீ அப்போதுதான் விரதம் முடித்து முதல் கவளத்தைக் கையில் எடுத்திருந்தாள். விஷயத்தை மென்று முழுங்கி, டூப்ளிகேட் சமாச்சாரத்தை விட்டுவிட்டு, பாதி சொன்னாள்.

"என்னடி சொல்றே? மாப்பிள்ளை தூங்கறப்ப ஏசியை நிறுத்தறதா? ஊர் சிரிக்கும்!"

"அம்மா, இன்னிக்கு விட்டா அவ்வளவுதாம்மா. திங்கக்கிழமை வகுப்புல உக்காந்து வட்டிக் கணக்குப் போடுவேன். செத்துப்போயிடுவேன்மா நான்."

"நல்ல நாள்ல சாவைப் பத்திப் பேசாதே." கீதஸ்ரீ கவளத்தைத் தட்டில் போட்டாள்.  "எனக்கு உன் ஆட்டம் ஒண்ணும் புரியல. ஆனா அஞ்சு மாசமா நீ சிரிச்சது அந்த டப்பா முன்னாலதான்." எழுந்து கை கழுவினாள். ஏசி ரூமுக்குள் போய் சுவிட்சை அணைத்தாள். பனையோலை விசிறியை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை தலைமாட்டில் உட்கார்ந்து விசிற ஆரம்பித்துவிட்டாள்.

ஐந்து மணி. காதில் ஹெட்போன். பெங்களூர் கேப்டன் பெண்ணின் குரல் கண்டிப்பாக இருந்தது. முதல் ஆட்டத்தில் ஜினுக் கொஞ்சம் தடுமாறினாள், அணி தோற்றது. இரண்டாவதில் தடுமாறவில்லை. புகைக் குண்டு வெடித்தபோதும் எண் தொண்ணூற்றாறுக்குக் கீழே இறங்கவில்லை. கடைசி ஆளாக நின்று எதிரணியின் மூன்று பேரைச் சாய்த்தாள். "ஜினுக், அது அபாரம்" என்றது ஹெட்போன். "பத்து நிமிஷம் இடைவேளை. கடைசி ஆட்டத்தையும் இப்படி ஆடினா யோசிக்கவே வேண்டாம்."

ஹெட்போனைக் கழற்றினாள். வாசலில் தன்மய் கண் கலங்க நின்றிருந்தார். அவருக்குப் பின்னால், பனியன் நனைந்து ஒட்ட, அனிமேஷ்.

"கரண்ட் போயிடுச்சா? வேர்த்துக் கொட்டுது" என்று வந்தவர் திரையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். மூலையில் நூற்றி நான்கு. "நூத்தி நாலு! நூத்தி நாலு ஓடுதா?"

"அது வந்து அத்தான்..."

"நான் சொல்லல? செட்டாக நேரம் எடுக்கும்னு சொன்னேன்ல? சுதேஷ்ணா! அப்பா! எல்லாரும் இங்க வாங்க!"

எல்லோரும் வந்தார்கள். அனிமேஷ் குழந்தைபோல் குதித்தார். இப்படி ஒரு சிரிப்பை அந்த முகத்தில் ஜினுக் பார்த்ததே இல்லை.

"ஒரு விஷயம் சொல்லணும்னு காலையிலேர்ந்து துடிச்சுட்டு இருக்கேன். இது ஓடலேன்னதும் எனக்கு உசுரே போயிடுச்சு. நான் கேமிங் சென்டர் திறக்கப் போறேன். தாக்குர்புகூர்ல இடம் பாத்தாச்சு. இருபது கம்ப்யூட்டர். அதே கடைக்காரன் இதே கார்டு இருபது தர்றேன்னான். சாம்பிளுக்குத்தான் ஒண்ணு வாங்கினேன். ஜினுக் மெஷின்ல ஓடினா எங்கயும் ஓடும்னு நினைச்சேன். ஓடிடுச்சு! இப்பவே ஃபோன் போட்டு சரக்கை எடுத்து வைக்கச் சொல்லிடறேன்."

ஃபோனைக் காதில் வைத்தார்.

ஜினுக் தன்மயைப் பார்த்தாள்.  பாவம், அவரால் சொல்ல முடியாது. அவர் சொன்னால் பொறாமை என்பார்கள். சொல்ல வேண்டியவள் தானே என்று அவளுக்குப் புரிந்தது. கடைசி ஆட்டத்துக்கு இன்னும் ஆறு நிமிஷம். இப்போது சொன்னால் இந்த அறையில் என்ன வெடிக்கும் என்று தெரியாது. அக்கா கோபத்தில் வயரைப் பிடுங்கினாலும் பிடுங்குவாள். சொல்லாவிட்டால் இந்த மனிதர் குழியில் விழுவார்.

"அத்தான், ஃபோனை வைங்க."

"ரிங் போகுதும்மா, இரு."

"வைங்க அத்தான்! இது உங்க கார்டு இல்ல."

கட்டிலுக்கு அடியிலிருந்து டிராகன் பெட்டியை இழுத்து மேஜைமேல் வைத்தாள். நீலச் சாக்கெட்டைக் காட்டினாள். நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள். ஃபோனில் யாரோ "ஹலோ, ஹலோ" என்றார்கள். அனிமேஷ் அணைத்துவிட்டார்.

"தன்மய். உனக்குக் காலையிலேயே தெரியுமா?"

"தெரியும் அண்ணா."

"மீன் தலையைத் தூக்கி என் தட்டுல வச்சியே. அப்பவும்?"

"அப்பவும் தெரியும்."

"சிரிப்பா இருந்துச்சா உனக்கு?"

"ஐயோ, இல்ல அண்ணா. பயமா இருந்துச்சு. யாராவது கண்டுபிடிச்சு உங்களை ஏதாவது சொல்லிடுவாங்களோன்னு."

 அனிமேஷ் கட்டில் விளிம்பில் பொத்தென்று உட்கார்ந்தார்.

சுதேஷ்ணாவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. ஆனாலும் புருஷன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். "விடுங்க. கழுதை, ஒரு கார்டுதானே போச்சு? நல்லவேளை, இருபது வாங்கல. நாளைக்கு வழக்கம்போல ஆபீஸ் போங்க, எல்லாம் சரியாயிடும்."

"போக முடியாது சுதேஷ்ணா."

"ஏன்?"

"நேத்து ராஜினாமா எழுதிக் குடுத்துட்டேன்."

விசிறியோடு நின்ற கீதஸ்ரீ சுவரைப் பிடித்துக்கொண்டாள்.  மேஜையில் கிடந்த ஹெட்போனிலிருந்து மெல்லிய குரல் வந்தது. "ஜினுக்? ரெடியா? உனக்காகத்தான் நிக்கறோம்."

ஜினுக் ஹெட்போனைக் கையில் எடுத்தாள். "அத்தான், நான் இவங்ககிட்ட வேற ஒரு நாள்..."

"வேண்டாம்" என்றார் அனிமேஷ். தலை குனிந்தே இருந்தது. ஒரு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரையைக் காட்டினார். "நல்ல கார்டும்மா அது. நீ ஆடு."

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு 'ரெடி'யை அழுத்தினாள். பின்னால் அக்காவின் வாய் அசைவது திரையின் கண்ணாடியில் தெரிந்தது. என்ன கேட்டாள் என்பது காதில் விழவில்லை.